ஏற்காட்டு விடுதிகளின் வரியில் மலை நூலகங்களுக்கு உரிய பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கும்போது ஏற்காட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகள் பெரும்பாலும் மலர்க் கண்காட்சி, கொண்டை ஊசி வளைவுகளில் வாகன நெரிசல், விடுதிகளில் அறை கிடைக்காத நிலை ஆகியவற்றைப் பற்றியே இருக்கின்றன. இவை தேவையான செய்திகளே. ஆனால் அந்த விடுதிக் கட்டடங்கள் செலுத்தும் வரியில் ஒரு பகுதி சட்டப்படி நூலகங்களுக்குச் சேர வேண்டியது என்பதும், அது முழுமையாகச் சேருகிறதா, சேர்ந்தால் மலையில் உள்ள நூலகங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பதும் இதுவரை பொதுவில் பேசப்பட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பேச வேண்டும் என்ற எண்ணத்தோடு இக்கடிதத்தை எழுதுகிறேன். பொருள் வரியும் சட்டமும் கலந்தது என்பதால் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

சேலம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் 11 ஆண்டுகள், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியில் இருந்தேன். பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய நூலகம் இருந்தது. ஓட்டுக் கூரை, ஒரே அறை, இரண்டு சன்னல்கள், ஒரு குழல் விளக்கு. அடிவாரத்திலிருந்து முதல் பேருந்தில் வரும் நாளிதழ்களை நூலகர் பிரித்து மேசையில் வைப்பதற்கும், காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகாத பெரியவர்கள் இருவர் மூவர் வந்து உட்காருவதற்கும் சரியாக இருக்கும். மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தவறாமல் வருவாள். அவளுடைய தாயார் ஏற்காட்டில் ஒரு விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்து படுக்கை விரிப்புகளை மாற்றும் வேலையில் இருந்தார். வார இறுதியிலும் விடுமுறைக் காலத்திலும் அவர் வீடு திரும்ப இரவாகிவிடும். ஒருநாள் நூலகம் மூடும் நேரத்தில் அவள் இன்னும் புத்தகத்தை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "வீட்ல லைட் இல்ல சார். அம்மா வர்ற வரைக்கும் இங்கதான் படிப்பேன்" என்றாள். நூலகர் நல்ல மனிதர். தம் பேருந்தை விட்டுவிட்டு அடுத்த பேருந்துக்காகக் காத்திருந்து, அந்த அரை மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்தார். அப்படிக் கொடுக்கும்படி எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கூடுதல் நேரம் திறந்து வைக்க ஆளோ பணமோ அந்த நூலகத்துக்கு ஒதுக்கப்படவும் இல்லை.

மழைக்காலத்தில் அந்த அறை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மலையில் ஐப்பசி, கார்த்திகையில் துணி காய நான்கு நாள் ஆகும். சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியில் புத்தகங்கள் மட்டும் காய்ந்திருக்குமா? அட்டையின் ஓரங்களில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். பிரித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் எழுத்தோடு கிழிந்து வரும். நூலகர் வெயில் அடிக்கும் நாளைப் பார்த்து, புத்தகங்களைத் திண்ணையில் கோணிச் சாக்கின் மேல் நிறுத்தி வைத்து உலர்த்துவார். அந்துருண்டையைத் தம் கைக்காசில் வாங்கிப் போடுவார். இராமபாணப் பூச்சி துளைத்த ஓர் அகராதியை அவர் என்னிடம் காட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊசியால் குத்தியதுபோல ஒரே நேர்த்துளை. அது பள்ளிப் பிள்ளைகள் அதிகம் எடுத்துப் பார்க்கும் புத்தகம். மாற்றாக வேறொன்று வர மூன்று ஆண்டுகள் ஆயின.

கடந்த டிசம்பர் விடுமுறையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் தங்கை குடும்பத்தார் ஏற்காட்டில் ஒரு விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினார்கள். இரவுக்கு 3,000 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் அறை வாடகை. அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி 300 ரூபாய். அதில் மத்திய அரசுக்கு 150, மாநில அரசுக்கு 150 என்று ரசீதில் பிரித்துப் போட்டிருந்தது. அதே பயணத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்கும் போனோம். அவர் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த வீட்டு வரி ரசீதைப் பார்க்க நேர்ந்தது. வீட்டு வரி 120 ரூபாய், அதன் கீழே நூலக வரி 12 ரூபாய் என்று இருந்தது. காப்பித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகும் குடும்பம் அது. வருடத்துக்கு 12 ரூபாயை நூலகத்துக்கென்றே கொடுக்கிறது. விடுதி ரசீதில் நூலகம் என்ற சொல்லே இல்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்விதான் இக்கடிதமாக வளர்ந்தது.

கேள்விக்கு விடை தேடினால் முதலில் நம் முன்னோர் செய்த நல்ல காரியம் ஒன்று கண்ணில் படுகிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். இரங்கநாதன் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார். அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் அதை அவையில் கொண்டுவந்தார். நூலகத்துக்கு ஆண்டுதோறும் அரசின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டாம், ஊரில் உள்ள ஒவ்வொரு கட்டடமும் தன் வரியோடு நூலகத்துக்கும் ஒரு சிறு பங்கைத் தர வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. இன்று அந்தப் பங்கு சொத்து வரியில் அல்லது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. அதை மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் தத்தம் வரியோடு வசூலித்து, மாவட்டத்துப் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். சென்னை நீங்கலாகப் பிற ஆணைக்குழுக்களுக்கு, வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தர வேண்டும் என்றுகூட அச்சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஆகவே ஒரு கட்டடத்தின் மீது குறைவாக மதிப்பிடப்படும் ஒவ்வொரு ரூபாய் நூலக வரியும், நூலகங்களுக்கு அந்த ஒரு ரூபாயோடு நின்றுவிடும் இழப்பாகாது.

விடுதிகளுக்கு என்று தனி வரி நம் மாநிலத்தில் இல்லாமலும் இல்லை. 1981இல் வந்த ஆடம்பர வரிச் சட்டத்தின்படி விடுதி அறை வாடகை மீது மாநில அரசு வரி வசூலித்து வந்தது. அந்த வரி வணிகவரித் துறை வழியாக மாநிலக் கருவூலத்துக்குப் போனதே தவிர, ஏற்காட்டில் வசூலான பணம் ஏற்காட்டுக்கென்று திரும்பவில்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்த ஆடம்பர வரியும் அதில் கரைந்தது. அதற்கு முன் நடந்த 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த ஆடம்பரத்தின் மீதான வரி என்ற அதிகாரத்தை எடுத்துவிட்டு, கேளிக்கை வரியை மட்டும் உள்ளாட்சிகள் விதித்து வசூலிக்கும் அளவுக்கு விட்டு வைத்தது. ஆகையால் இன்று ஓர் ஊராட்சியோ மாநகராட்சியோ தீர்மானம் போட்டு, அறை வாடகையில் நூலகத்துக்கென்று இத்தனை விழுக்காடு என்று விதிக்க முடியாது. நண்பர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு அப்படி ஒரு யோசனையைச் சொல்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்பதை அவர்கள் அறிந்துகொண்டால், முயற்சியைப் பயன் தரும் வழியில் திருப்பலாம்.

வெளிநாடுகளில் இதற்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில நகரங்கள் குறுகிய காலம் தங்குவோரின் அறை வாடகை மீது தாமே வரி விதிக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1961 முதல் தன் விடுதி வரியிலிருந்து கலை நிறுவனங்களுக்கு நிதி வழங்கி வருகிறது. பிரான்சில் தங்குமிட வரி 1910ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வந்து தங்குகிறவர் ஊரின் சாலையையும் நீரையும் பயன்படுத்துகிறார், அதனால் அந்த ஊரின் பொதுவாழ்வுக்கும் ஒரு பங்கு தரட்டும் என்ற நியாயம் நமக்கும் பொருந்தும். வழிதான் வேறாக இருக்க வேண்டும்.

நம்மிடம் ஏற்கனவே இருக்கும் வழி, விடுதிக் கட்டடத்தின் சொத்து வரி. நிலம், கட்டடம் மீதான வரி இன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரி அதைத் தொடவில்லை. என் மாணவர் வீட்டு ரசீதில் இருந்த அதே நூலக வரி, அந்த விடுதியின் வரி ரசீதிலும் இருந்தாக வேண்டும். ஒரு விடுதியின் ஆண்டு வரி ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன் நூலக வரி 10,000 ரூபாய். மழைக்காலத்தில் புத்தகம் காக்கும் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலமாரி ஒன்று வாங்க இத்தொகை ஏறத்தாழப் போதும். இதற்குப் புதிய சட்டமோ, புதிய வரியோ, விடுதி உரிமையாளரிடம் புதிய கோரிக்கையோ தேவையில்லை. தேவைப்படுவது, கட்டடத்தை அதன் உண்மையான பயன்பாட்டின்படி மதிப்பிடுவதும், வசூலித்ததை உரிய இடத்தில் உரிய காலத்தில் செலுத்துவதும், செலுத்தியதைக் கணக்குக் காட்டுவதும்தான்.

இதில் முதலாவதான மதிப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் கடந்த சில ஆண்டுகளில் பெரிய விடுதிகளைவிட வேகமாகப் பெருகியிருப்பவை சிறு குடில்களும், வீடுகளையே அறை அறையாக வாடகைக்கு விடும் தங்குமிடங்களும். நாகலூர்ப் பக்கமும் மஞ்சக்குட்டைப் பக்கமும் நடந்து போனாலே புதிய பெயர்ப் பலகைகள் தெரியும். கைப்பேசியில் முன்பதிவு செய்துகொண்டு நேராக அங்கே வந்து இறங்குகிறார்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்று தன் வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுத்து நாலு காசு பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அது மலைவாழ் மக்களுக்குக் கிடைத்த வருமான வழி, வாழ்த்த வேண்டியது. ஆனால் வெளியூரில் இருக்கும் ஒருவர் முதலீட்டுக்காகக் கட்டி, ஆண்டு முழுவதும் வாடகைக்கு விடும் எட்டறைக் கட்டடம், ஊராட்சிப் பதிவேட்டில் குடியிருப்பு வீடாகவே நீடித்தால் அது அருகில் உள்ள கூலித் தொழிலாளிக்கு இழைக்கும் அநீதி. அவர் தம் வீட்டை வீடாகவே வைத்திருந்து அதற்கான வரியைச் சரியாகக் கட்டுகிறார். முன்பதிவுச் செயலிகளில் படத்தோடும் வாடகையோடும் வெளிப்படையாக விளம்பரமாகும் கட்டடங்களை, ஊராட்சியின் வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்குச் செலுத்துவதில் தாமதமும் நிலுவையும் ஏற்படுவது தமிழ்நாடு முழுவதும் பல ஆண்டுகளாகச் செய்தியாகி வரும் விஷயம். குடிநீர்க் குழாய் உடைந்தால் மக்கள் மறியல் செய்கிறார்கள். நூலக வரி நிலுவையானால் யாரும் கேட்பதில்லை. அதனால் கையில் பணம் குறையும் மாதத்தில் முதலில் தள்ளிப் போடப்படுவது அதுவாகிவிடுகிறது. ஊராட்சி அலுவலர்களின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நூலகத்துக்கென்று பெயர் சொல்லி மக்களிடம் வாங்கிய பணம் அது. வேறு செலவுக்கு அதைத் தொடும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

ஏற்காட்டைப் போலவே சேலம் மாநகரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பலர் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஐந்து ரோடு, சந்திப்பு ரயில் நிலையப் பகுதிகளிலும் உள்ள விடுதிகளில் தங்கி, காலையில் மலையேறி மாலையில் இறங்கிவிடுகிறார்கள். அந்த விடுதிகளின் சொத்து வரியை வசூலிப்பது மாநகராட்சி. 2022இல் தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புறச் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, அதோடு ஒட்டிய நூலக வரியும் தானாக உயர்ந்திருக்க வேண்டும். அந்தப் பணம் நகரத்துக்கு என்றும் மலைக்கு என்றும் சட்டத்தில் பிரிக்கப்படவில்லை. மாவட்டத்துக்கு ஒரே ஆணைக்குழு, ஒரே நூலக நிதி. ஆகவே நகரத்து விடுதியின் வரியிலிருந்து மலையில் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்கு அலமாரி வாங்கித் தரத் தடை ஏதும் இல்லை. நான் மாவட்ட ஆணைக்குழுவிடம் கேட்பது, மலையின் ஈரத்தையும் தூரத்தையும் கணக்கில் கொண்டு, விடுதிக் கட்டடங்களிலிருந்து வரும் நூலக வரிக்கு இணையான ஒரு தொகையையாவது ஆண்டுதோறும் சேர்வராயன் மலை நூலகங்களுக்கென்று தனியே எழுதி வைக்க வேண்டும் என்பதே.

அறை வாடகை மீதான வரியிலும் நூலகத்துக்கு ஒரு பங்கு பெற வழி உண்டு. அதற்கு மாநில அரசு மனம் வைக்க வேண்டும். என் தங்கை கட்டிய 300 ரூபாயில் மாநிலத்துக்கு வந்த 150 ரூபாயை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்க மாநில அரசுக்கு முழு உரிமை இருக்கிறது. சுற்றுலா ஊர்களில் தங்குமிடங்களிலிருந்து கிடைக்கும் மாநில வரிப் பங்கில் ஒரு சிறு பகுதியை அந்தந்த மாவட்ட நூலக நிதிக்கு மானியமாகத் திருப்பித் தருவது என்று நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும். உதகையும் கொடைக்கானலும்கூட இதனால் பயன்பெறும். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2010இலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை 2023இலும் திறந்த மாநிலம் இது. அந்த மாளிகைகளைக் கண்டு நானும் பெருமை கொள்கிறேன். மதுரை நூலகத்துக்குப் போனபோது அதன் குழந்தைகள் பிரிவில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். மலையில் குழல் விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவ்வளவு தூரம் வர அவர்களுக்கு வழி ஏது?

விடுதி உரிமையாளர்கள் சொல்லக்கூடிய மறுப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன். சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணங்கள் என்று பலவும் கட்டுகிறோம். கூட்டம் வருவது வார இறுதியிலும் கோடையிலும்தான். மற்ற நாட்களில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன என்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது; ஆனால் அதோடு, விடுதிக்காக வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவையும் எடுத்துவிட்டார்கள், அதனால் தங்களுக்குப் பெரிய ஆதாயம் இல்லை என்றும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. நான் அவர்களிடம் கூடுதலாக ஒரு காசும் கேட்கவில்லை. முறையாகக் கட்டும் விடுதிக்காரர் இப்போதே நூலகத்துக்குத் தம் பங்கைத் தந்துகொண்டிருக்கிறார். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை முதலில் அவருக்குத்தான். பதிவேட்டில் வீடாக இருந்துகொண்டு வாடகைக்கு அறை விடும் கட்டடங்கள் முறைப்படுத்தப்பட்டால், நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கும் அது நியாயமே. அதற்கு மேலும் மனமுள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 1,000 ரூபாய் செலுத்தினால் எவரும் ஒரு பொது நூலகத்தின் புரவலர் ஆகலாம். மலையில் உள்ள ஒவ்வொரு விடுதியும் தன் அருகிலுள்ள நூலகத்தில் ஒரு புரவலராகச் சேர்ந்தால், அதன் ஊழியர்களின் பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

பணம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கும், கதவுள்ள அலமாரிகள் முதலில் வேண்டும். மாலை 8 மணி வரை நூலகம் திறந்திருக்க ஓர் ஆள் வேண்டும், ஏனென்றால் விடுதிகளில் வேலை செய்யும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு நூலகம் தேவைப்படும் நேரம் அதுதான். அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் பாட நூல்களுக்காகச் சேலத்துக்கு இறங்கி வந்து, கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதிப் படிப்பில் எழுந்து ஓடுகிறார்கள்; அந்த நூல்கள் மலையிலேயே இருக்க வேண்டும். சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு, வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் வந்து நிற்கும் நடமாடும் நூலகம் ஒன்று வேண்டும். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகக் கட்டடங்களில் பூட்டிக் கிடப்பவற்றைத் திறந்தாலே, அந்த வண்டி நின்று புத்தகம் மாற்றிக்கொடுக்க நல்ல இடம் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்க்க ஆசைப்படுகிறேன். இது கணக்கில் வராத ஆசைதான். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட வைத்த காலத்திலிருந்து இந்த மலைக்கு எழுத்தில் பதிந்த வரலாறு நிறைய இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளிய இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவருடைய நினைவிடம் இங்குள்ள தேவாலயத்தில் இருக்கிறது. அவர் திரட்டிய கற்கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஏற்காட்டுப் பிள்ளை ஒன்று அவரைப் பற்றிப் படிக்க வேண்டுமானால், அவர் வாழ்ந்த மலையிலேயே ஒரு நூலும் கிடைப்பதில்லை. மலை நூலகம் ஒவ்வொன்றிலும் இந்த மலையைப் பற்றிய நூல்களுக்கென்று ஓர் அலமாரி இருக்குமானால், மழை பிடித்துக்கொண்டு விடுதி அறையில் அடைந்து கிடக்கும் வெளியூர்க் குடும்பங்களும் அங்கே வந்து உட்காரக்கூடும். அவர்கள் தந்த வரியில் வாங்கிய நூலை அவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

இறுதியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. சேலம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் வந்தது. கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத காலத்திலும் கிராம சபை இருக்கிறது. மே 1 அன்று கூடும் கிராம சபையில், ஏற்காடு ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் நான்கு எண்களை மட்டும் வாசிக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரையும் மாவட்ட நூலக ஆணைக்குழுவையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்: தங்குமிடமாகப் பதிவாகியுள்ள கட்டடங்கள் எத்தனை, அவற்றிலிருந்து சென்ற ஆண்டு வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, மலையில் உள்ள நூலகங்களுக்கு ஆணைக்குழு செலவிட்டது எவ்வளவு. அதே நான்கு எண்களை எழுதி நூலகத்தின் வாசலிலும் ஒட்டி வைத்தால், கோடை விழாவுக்கு வரும் விருந்தினரும் படிக்கலாம். மறுக்கப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நானே விண்ணப்பித்து, கிடைக்கும் விடையைத் தங்களுக்கு அனுப்புகிறேன்.

மேலே குறிப்பிட்ட விடுதி ரசீதின் நகலையும் வீட்டு வரி ரசீதின் நகலையும், பெயர்களை மறைத்து, ஆசிரியர் குழுவின் பார்வைக்காக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.